எரிந்தது ரெசிஸ்டர், எரித்தது யார்?

கார் பராமரிப்பு: வாசகர் கேள்வி - பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. ஆகவே மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு, டாஷ்போர்டுக்குள்ளிருந்து காற்றைத் தள்ளும் ப்ளோயர் விசிறியைப் பற்றிய கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய, வேகத்தைக் கையால் திருப்பும் குமிழ் உள்ள கார்களை மனத்தில் வைத்தே பெரும்பாலான பதில்களை எழுதியிருக்கிறேன். தானியங்கி ஏசி உள்ள கார்களுக்குத் தனியாக ஒரு பதில் உண்டு.

கேள்வி: ஐயா, என் காருக்கு 18 வயதாகிறது. ப்ளோயர் 1, 2, 3 ஆகிய வேகங்களில் ஓடாமல் 4-இல் மட்டும் ஓடியது. ரெசிஸ்டர் போய்விட்டது என்று மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார், சரியாயிற்று. நான்கு மாதம் கழித்து மறுபடியும் அதே கதை. இரண்டாவதாகப் போட்டது ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. இப்போது மூன்றாவது முறை. சந்தைக்கு வருகிற உதிரிபாகங்களே மட்டம் என்கிறார் அவர். அது உண்மைதானா?

பதில்: மட்டமான உதிரிபாகங்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஒரே இடத்தில் மூன்று ரெசிஸ்டர்கள் அடுத்தடுத்துப் போகின்றன என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது ரெசிஸ்டரை அல்ல, அதற்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் மோட்டாரை. உங்கள் மெக்கானிக் கண்டுபிடித்தது சரிதான்; அங்கேயே நின்றுவிட்டதுதான் பிழை.

4-இல் மட்டும் ஏன் ஓடுகிறது என்பது புரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும். ப்ளோயர் மோட்டார் 12 வோல்ட்டில் ஓடும் சாதாரண பிரஷ் மோட்டார். பேட்டரியின் மின்சாரத்தை அப்படியே கொடுத்தால் அது முழு வேகத்தில் சுற்றும். வேகத்தைக் குறைப்பதற்காக, மின்சாரம் செல்லும் பாதையில் ஒன்றன்பின் ஒன்றாகச் சில கம்பிச் சுருள்களை வைத்திருக்கிறார்கள். அந்தச் சுருள்களின் தொகுப்பைத்தான் ரெசிஸ்டர் என்கிறோம். குமிழை 1-இல் வைத்தால் மின்சாரம் எல்லாச் சுருள்களையும் கடந்தாக வேண்டும். 2-இல் ஒன்று குறையும், 3-இல் இன்னொன்று குறையும், 4-இல் வைத்தால் ரெசிஸ்டர் பக்கமே போகாமல் நேராக மோட்டாருக்குச் சென்றுவிடும். ஆகவே, 4 மட்டும் ஓடுகிறது என்ற ஒரே தகவல், ஃப்யூஸ் போகவில்லை, எர்த் (மின்சாரம் காரின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை) கிடைக்கிறது, மோட்டாருக்கு உயிர் இருக்கிறது என்ற மூன்றையும் ஒரு ஸ்குரூவைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிடுகிறது. உயிர் இருக்கிறது என்றுதான் சொன்னேன். ஆரோக்கியமாக இருக்கிறது என்று சொல்லவில்லை.

குறைந்த வேகங்கள் மூன்றும் ஒருசேரப் போயிருந்தால், பெரும்பாலும் ரெசிஸ்டரின் மேல் பொருத்தப்பட்டிருக்கும் சிறிய வெப்ப ஃப்யூஸ் அறுந்திருக்கும். 1 மட்டும் போய் மற்றவை ஓடினால், அந்த ஒரு சுருள் அறுந்திருக்கலாம், அல்லது குமிழுக்குப் பின்னாலுள்ள சுவிட்சில் அந்த ஒரு தொடுமுனை தேய்ந்திருக்கலாம். உங்களுடையது முதல் வகை. எனவே கேள்வி இதுதான்: அந்த வெப்ப ஃப்யூஸ் அவ்வளவு சூடேறக் காரணம் என்ன?

ரெசிஸ்டரின் வேலையே மின்சாரத்தை வெப்பமாக மாற்றி வீணடிப்பது. அதனால்தான் அதை விசிறிக் காற்று நேராகப் படும்படி குழாய்க்குள் நீட்டி வைத்திருக்கிறார்கள். மோட்டார் தள்ளும் காற்றே அதைக் குளிர வைக்கிறது. இந்த ஏற்பாடு மூன்று விதங்களில் கெடும். முதலாவது, மோட்டாரின் தண்டைத் தாங்கியிருக்கும் புஷ் காய்ந்தோ துருப்பிடித்தோ இறுகிப்போவது. பிரஷ் மோட்டார் பாரத்தால் மெதுவாகச் சுற்றும்போது அதிக ஆம்பியரை இழுக்கும். இறுகிய மோட்டார் ஒரு பக்கம் ரெசிஸ்டர் வழியாகக் கூடுதல் மின்சாரத்தை இழுத்துக்கொண்டே, மறுபக்கம் அதைக் குளிர்விக்க வேண்டிய காற்றையும் குறைத்துவிடுகிறது. சூடு ஏறுவதற்கு இதைவிட நல்ல வழி வேண்டுமா? இரண்டாவது, காருக்குள் வரும் காற்றின் தூசியை வடிகட்டும் கேபின் ஃபில்டர் அடைத்துக்கொள்வது. ஃபில்டர் அடைத்தால் மோட்டாருக்குப் பாரம் கூடும் என்று பலரும் சொல்வார்கள், பட்டறைகளிலும் கேட்டிருக்கிறேன்; உண்மை அதற்கு நேர்மாறானது. இந்த வகை உருளை விசிறியில் காற்றை அடைத்தால் தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் பாரம் குறையும், மோட்டார் இன்னும் வேகமாகச் சுற்றும். வாக்குவம் கிளீனரின் வாயைக் கையால் பொத்தினால் அதன் ஓசை மெல்லிசாக உயர்வதைக் கவனித்திருப்பீர்கள், அதே கதைதான். அடைத்த ஃபில்டர் ரெசிஸ்டரைக் கெடுப்பது பாரத்தால் அல்ல, காற்றுப் பஞ்சத்தால். மூன்றாவது, ரெசிஸ்டரில் செருகும் கனெக்டர் தளர்ந்துபோவது.

இந்த மூன்றாவதைச் சிறிய விஷயம் என்று யாரும் ஒதுக்க வேண்டாம். ஒரு கணக்கைப் பாருங்கள். தளர்ந்த பின்னில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை ஏற்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் வழியாக 20 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு முனையில் மட்டும் 2 வோல்ட் காணாமல் போகும். 40 வாட் வெப்பம் அங்கே உண்டாகும். ஒரு சால்டரிங் அயர்னின் நுனியை பிளாஸ்டிக் கனெக்டருக்குள் சொருகி வைத்ததற்குச் சமம் அது. கனெக்டர் உருகியிருக்கும் நிலையில் புதிய ரெசிஸ்டரை மட்டும் வாங்கிச் செருகினால், பழைய தளர்ந்த முனை புதிய பின்னையும் சுட்டுவிடும். கனெக்டரில் ஒரு முனை பழுப்பேறியிருந்தாலும் ஒயர் வாலோடு கூடிய புதிய கனெக்டரைச் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் உறவினர் ஒருவரின் கார் இதே முறையீட்டோடு என்னிடம் வந்தது. ஏற்கெனவே இரண்டு ரெசிஸ்டர்கள் மாற்றியாகிவிட்டது. க்ளவ் பாக்ஸைக் கழற்றி, ரெசிஸ்டரின் கனெக்டரை வெளியே இழுத்ததும் கருகிய வாடை வந்தது. ஒரு முனையைச் சுற்றி பிளாஸ்டிக் தேநீர்க் கறை நிறத்துக்கு மாறியிருந்தது, உள்ளே இருந்த தகடு நீலம் பாய்ந்திருந்தது. மோட்டாரை வெளியே எடுத்து விசிறியை விரலால் சுண்டிவிட்டேன். நல்ல மோட்டார் உள்ளிருக்கும் காந்தத்தின் லேசான பிடிப்போடு சில சுற்றுகள் போய், தளர்ந்து நிற்கும். இது அரைச் சுற்றில் நின்றது. மணலை அரைப்பது போன்ற ஒரு நறநறப்பு விரலுக்குத் தெரிந்தது. தண்டின் அடியில் துரு வளையமாகப் படிந்திருந்தது. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று மேலே தேடிப் போனால், வைப்பருக்குக் கீழேயுள்ள மூடிக்குள் மக்கிய இலைகள் வடிகால் துளையை அடைத்துக்கொண்டிருந்தன; மழை பெய்யும்போதெல்லாம் வழிய இடமில்லாத தண்ணீர் ப்ளோயர் காற்றை இழுக்கும் வாயில் சொட்டியிருக்கிறது. அந்த மோட்டார் முழு வேகத்தில் 27 ஆம்பியர் இழுத்தது. புதியதைப் போட்டபின் அதே குமிழ், அதே காற்று வழிகளில் 17 ஆம்பியர். குற்றம் இலைகளுடையது, தண்டனை ரெசிஸ்டருக்கு.

ஆகவே மூன்றாவது ரெசிஸ்டரை வாங்கும் முன், மோட்டார் எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று அளக்கச் சொல்லுங்கள். சாதாரண மல்டிமீட்டரை இதற்காகப் பாதையில் இணைக்கக் கூடாது. அவற்றில் பெரும்பாலானவை 10 ஆம்பியருக்கு மேல் தாங்கா. நேர்மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மோட்டாருக்குச் செல்லும் ஒற்றை ஒயரின் மேல் கவ்வவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு, 4-இல் வைத்துப் பார்க்க வேண்டும். காருக்குக் கார் அளவு மாறும் என்றாலும், எந்தச் சுற்றும் அதன் ஃப்யூஸ் அளவில் ஏறத்தாழ முக்கால் பங்குக்குள் தொடர்ந்து ஓடும்படிதான் அமைக்கப்படுகிறது. 30 ஆம்பியர் ஃப்யூஸ் உள்ள சுற்றில் நிலையாக 22, 23-ஐத் தாண்டினால் மோட்டாரை வெளியே எடுத்துப் பார்ப்பதே முறை.

கேள்வி: ப்ளோயர் சில நாள் ஓடுகிறது, சில நாள் எந்த வேகத்திலும் ஓடுவதில்லை. க்ளவ் பாக்ஸுக்கு அடியில் ஓங்கித் தட்டினால் ஓட ஆரம்பிக்கிறது. எப்படித் தட்டினால் ஓடும் என்பது இப்போது வீட்டில் எல்லாருக்கும் பழகிவிட்டது. எங்கே கோளாறு?

பதில்: தட்டினால் ஓடும் என்பது கேலிக்குரியதல்ல, அதுவே ஒரு சோதனை. என்ன, எங்கே தட்டுகிறீர்கள் என்பதைக் கவனித்துத் தட்ட வேண்டும்.

மோட்டாருக்குள் சுற்றும் பாகத்துக்கு மின்சாரம் கொடுப்பவை கார்பன் பிரஷ்கள். ஸ்பிரிங் அவற்றை அழுத்திக்கொண்டே இருக்கும். தேயத் தேய அவை முன்னே நகரும். மிகவும் தேய்ந்தபின் ஸ்பிரிங்கின் அழுத்தம் போதாமல், மோட்டார் நின்ற இடத்தைப் பொறுத்து ஒரு நாள் தொடும், ஒரு நாள் தொடாது. தட்டும் அதிர்ச்சியில் பிரஷ் அரை மில்லிமீட்டர் நகர்ந்து தொட்டுவிட்டால் விசிறி ஓடும். ஆனால் அதே தட்டு தளர்ந்த கனெக்டரையும் அசைத்திருக்கலாம். ஆகவே அடுத்த முறை நிற்கும்போது, மோட்டாரின் உடம்பில் மட்டும் ஸ்குரூடிரைவரின் பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஓடவில்லையென்றால் கனெக்டரை மட்டும் லேசாக ஆட்டிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லையென்றால் சாவியை, ஆன் நிலையிலிருந்து நகர்த்தாமல், மெல்ல அசைத்துப் பாருங்கள். ப்ளோயரின் முழு மின்சாரத்தையும் இக்னிஷன் சுவிட்ச் வழியாகவே கொண்டுபோகும் பழைய கார்கள் உண்டு. அவற்றில் சுவிட்சின் தொடுமுனைகள் கருகி, சாவியைத் தொட்டால் விசிறி ஓடும் விநோதத்தைக் காணலாம். இந்த மூன்றில் எதற்கு விசிறி பதில் சொல்கிறதோ அங்கேயே வேலையைத் தொடங்கலாம்.

எதற்கும் பதில் இல்லையென்றால் அளந்து பார்ப்பதே வழி. முதலில் ஃப்யூஸ்: கண்ணால் பார்த்து நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய வேண்டாம், சாவியைப் போட்டு, ஃப்யூஸின் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளையும் டெஸ்ட் லேம்பால் (ஒயரும் ஊசி முனையும் கொண்ட சிறிய சோதனை பல்பு) தொட்டு, இரண்டிலும் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அடுத்தது ரிலே, அதாவது சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். குமிழைத் திருப்பும்போது அல்லது சாவியைப் போடும்போது டிக் என்று கேட்டால் அதன் காந்தச் சுருள் வேலை செய்கிறது என்றுதான் பொருள்; உள்ளே தொடுமுனை கருகியிருந்தாலும் டிக் கேட்கும். ஃப்யூஸ் பெட்டியில் ஹாரன் போன்ற வேறொன்றுக்கு அதே எண்ணுள்ள ரிலே இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

பிறகு மோட்டாரின் கனெக்டர். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கனெக்டரைக் கழற்றி, அதற்குள் மல்டிமீட்டரை வைத்து, 12 வோல்ட் வருகிறது, ஆகவே மோட்டார்தான் போய்விட்டது என்று புதிய மோட்டாருக்குச் சொல்லிவிடுகிறார்கள். அடைத்துப்போன குழாயில்கூட, குழாயைத் திறக்காத வரையில் அழுத்தம் முழுதாகவே இருக்கும். திறந்தால்தான் நூலாக வழியும். கருகிய தொடுமுனையும் அப்படியே. மல்டிமீட்டருக்குத் தேவையான துளி மின்சாரத்தை அது தாராளமாகக் கொடுத்து 12 என்று காட்டும். மோட்டார் 15 ஆம்பியர் கேட்கும்போது 3 வோல்ட்டுக்குச் சரிந்துவிடும். ஆகவே கனெக்டர் செருகியபடியே இருக்க, பின்பக்கமாக மெல்லிய ஊசி முனையைச் செருகி, குமிழை 4-இல் வைத்து, மோட்டாரின் இரண்டு ஒயர்களுக்கும் இடையில் அளக்க வேண்டும். எஞ்சின் ஓடாதபோது ஏறத்தாழ 12 வோல்ட் இருந்தும் விசிறி சுற்றவில்லையென்றால் மோட்டார் போய்விட்டது, இனி விவாதமில்லை. குறைவாக இருந்தால் மோட்டார் நிரபராதி. அப்போது எர்த் பக்கத்து ஒயருக்கும் பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் இடையில் அளந்து பாருங்கள்; அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில்தான் கோளாறு. இல்லையென்றால் பாசிடிவ் பக்கமாக ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நடக்க வேண்டியதுதான்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். சில கார்களில் வேக சுவிட்சும் ரெசிஸ்டரும் மோட்டாருக்கு முன்னால் இருக்கும். வேறு சிலவற்றில் மோட்டாருக்குப் பின்னால், எர்த் பக்கத்தில் இருக்கும். இரண்டாவது வகையில் சாவியைப் போட்டதுமே, குமிழ் 0-இல் இருந்தாலும், மோட்டாரின் இரண்டு ஒயர்களிலும் பாடியோடு ஒப்பிட்டால் 12 வோல்ட் காட்டும். ஷார்ட் ஆகிவிட்டது என்று பதறி ஒயரிங்கைப் பிரித்தவர்களை அறிவேன். இரண்டு ஒயர்களுக்கும் இடையில் அளந்தால் இந்தக் குழப்பமே வராது.

டாஷ்போர்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டரோ மஞ்சள் உறையிட்ட ஒயரோ தென்பட்டால் அதில் எந்த ஊசியையும் செருக வேண்டாம். அது ஏர்பேக்குக்கு உரியது.

கேள்வி: எனக்கு நேர் எதிரான பிரச்சினை. 1, 2, 3 நன்றாக ஓடுகின்றன. 4-இல் வைத்தால் விசிறி நின்றுவிடுகிறது.

பதில்: மோட்டாரையும் ரெசிஸ்டரையும் தொட வேண்டாம். 4-க்கு மட்டும் உரிய பாதையில் இருப்பவை மூன்றே: சுவிட்சில் அந்தத் தொடுமுனை, அங்கிருந்து நேராகச் செல்லும் ஒயர், இருந்தால் அதிவேகத்துக்கான தனி ரிலே. ரிலே இருக்கும் கார் என்றால் அதிலிருந்து தொடங்குங்கள். இல்லாத கார் என்றால் குமிழுக்குப் பின்னாலுள்ள கனெக்டரைக் கழற்றி, கருகிய முனையைத் தேடுங்கள். முழு ஆம்பியரும் அந்த ஒரு முனை வழியாகவே போவதால் முதலில் சாவது அதுதான்.

கேள்வி: காலையில் போட்டதும் ப்ளோயர் கிறீச் கிறீச் என்று கத்துகிறது, ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு சர்வீஸிலும் ஏதோ ஒரு ஸ்ப்ரேயை அடித்துவிடுகிறார்கள். பத்து நாள் சத்தம் இல்லை, பிறகு முன்னைவிட அதிகம். இதைத் தவிர, டாஷ்போர்டின் நடுவில் டக் டக் என்று வேறொரு சத்தமும் வருகிறது.

பதில்: இரண்டும் வெவ்வேறு சத்தங்கள். ஒரு சத்தம் ப்ளோயருடையதுதானா என்று அறிய எளிய வழி, குமிழைத் திருப்புவது. வேகத்தோடு சேர்ந்து சத்தத்தின் கதியும் மாறினால் அது விசிறியுடையது. வேகம் எதுவானாலும் ஒரே கதியில், அதுவும் சாவி போட்டதும் அல்லது காற்றின் திசையை மாற்றியதும் சில நொடிகள் டக் டக் என்று அடித்துவிட்டு ஓய்ந்தால், காற்று வழிக் கதவை நகர்த்தும் சிறிய மோட்டாரில் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கிறது. ப்ளோயரைக் கழற்றி ஆயிரம் முறை பூட்டினாலும் அது போகாது.

கிறீச்சிடுவது புஷ். இந்த மோட்டார்களின் புஷ் நுண்ணிய துளைகள் கொண்ட வெண்கலத்தால் ஆனது. அந்தத் துளைகளுக்குள் எண்ணெய் ஊறியிருக்கும், தண்டு சூடேறும்போது கசிந்து மசகாகும். ஐந்து நிமிடத்தில் சத்தம் அடங்குவதன் இரகசியம் அதுதான். துருவை இளக்கும் மெல்லிய ஸ்ப்ரேயை அதில் அடித்தால், மீதமிருக்கும் நல்ல எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால்தான் பத்து நாள் கழித்து முன்னைவிட அதிகமாகக் கத்துகிறது. மோட்டாரைக் கழற்றி, தண்டைத் துடைத்து, புஷ்ஷில் இரண்டு சொட்டுக் கெட்டியான மெஷின் எண்ணெய் விட்டு ஊறவைத்தால் இன்னும் சில மாதங்கள் ஓட்டலாம். தண்டு பக்கவாட்டில் ஆடினால் அதுவும் வீண், மோட்டாரை மாற்றுங்கள்.

கழற்றும்போது விசிறியின் இறக்கைகளில் எங்காவது ஒரு சிறிய உலோகக் கிளிப் மாட்டியிருந்தால், யாரோ விட்டுச் சென்ற குப்பை என்று பிடுங்கிவிடாதீர்கள். விசிறி ஆடாமல் சுற்றுவதற்காகத் தொழிற்சாலையில் வைத்த எடை அது. பிடுங்கினால் அன்றிலிருந்து டாஷ்போர்டே நடுங்கும்.

கேள்வி: ஃப்யூஸ் அடிக்கடி போகிறது. 30-க்குப் பதில் 40 போடலாமா? ரெசிஸ்டரின் வெப்ப ஃப்யூஸையும் ஒரு ஒயர்த் துண்டால் இணைத்துவிட்டால் செலவு மிச்சம் என்கிறார்கள்.

பதில்: கூடாது, இரண்டும் கூடாது. ஃப்யூஸ் காப்பது மோட்டாரை அல்ல, ஒயரை. ஒயரின் பருமனுக்கு 30 என்று கணக்கிட்டிருக்கும்போது 40 போட்டால், அடுத்த முறை உருகப்போவது ஃப்யூஸாக இருக்காது.

வெப்ப ஃப்யூஸைப் பற்றிய யோசனை இன்னும் மோசம். மோட்டார் முழுவதுமாக இறுகி நின்றுவிட்டது, குமிழ் 1-இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருள்களின் தடையே மின்சாரத்தை நான்கைந்து ஆம்பியருக்குள் கட்டிப்போட்டுவிடுவதால் 30 ஆம்பியர் ஃப்யூஸ் எத்தனை மணி நேரமானாலும் போகாது. காற்றே இல்லாத பிளாஸ்டிக் குழாய்க்குள் அந்தச் சுருள்கள் செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருக்கும். அந்த நிலையில் காரைக் காப்பாற்ற இருக்கும் ஒரே காவல்காரன் அந்த வெப்ப ஃப்யூஸ்தான். அவனை ஒரு ஒயர்த் துண்டால் கட்டிப்போடச் சொல்கிறார்கள்.

கேள்வி: மோட்டாரைப் புதிதாக மாற்றினேன். சத்தம் பலமாக இருக்கிறது, காற்று மட்டும் முன்பைவிடக் குறைவு. போலி மோட்டாரா?

பதில்: மாற்றியவர் பாசிடிவையும் நெகடிவையும் மாற்றி இணைத்தாரா என்று முதலில் பாருங்கள், குறிப்பாகக் கனெக்டரை வெட்டி ஒயர்களை முறுக்கிச் சேர்த்திருந்தால். மின்விசிறி தலைகீழாகச் சுற்றினால் காற்று எதிர்ப்பக்கம் போகும் என்பது நமக்குப் பழகிய நியாயம். ப்ளோயரின் உருளை விசிறிக்கு அது பொருந்தாது. எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்றை நடுவில் இழுத்து வெளிவிளிம்பில்தான் வீசும். ஆகவே தலைகீழாகச் சுற்றினாலும் காற்று வருவது போலவே தோன்றும். ஆனால் இறக்கைகளின் வளைவும் குழாயின் திருப்பமும் எதிராக இருப்பதால் பலவீனமாக, இரைச்சலோடு வரும். இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் தீர்ந்தது.

இணைப்பு சரியென்றால் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். ஃபில்டரே இல்லாத பழைய கார் என்றால், இத்தனை ஆண்டுத் தூசியும் கூலிங் காயிலின் முகத்தில் கம்பளி போலப் படிந்திருக்கும். கிளம்பும்போது நன்றாக வந்து, அரை மணி ஏசி ஓடியபின் காற்று படிப்படியாகக் குறைந்து, ஏசியை அணைத்துச் சிறிது நேரம் கழித்து மறுபடி நன்றாக வந்தால், காயிலில் பனிக்கட்டி கட்டுகிறது. அது ஏசி மெக்கானிக்கின் வேலை, ப்ளோயருடையது அல்ல.

கேள்வி: என் காரில் வெப்பநிலையைக் குறித்துவிட்டால் தானாகவே இயங்கும் ஏசி இருக்கிறது. சில நாட்களாக ப்ளோயர் எப்போதும் முழு வேகத்திலேயே ஓடுகிறது. பொத்தானால் அணைத்தாலும் நிற்பதில்லை.

பதில்: உங்கள் காரில் கம்பிச் சுருள் ரெசிஸ்டருக்குப் பதிலாக, மின்சாரத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கும் டிரான்சிஸ்டர் மாட்யூல் இருக்கும். உள்ளே டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டால், எஜமானின் சொல் கேளாத வேலைக்காரனைப் போல அது எப்போதும் முழு மின்சாரத்தையும் விட்டுக்கொண்டே இருக்கும். மாட்யூலின் மெல்லிய கட்டுப்பாட்டு ஒயரை மட்டும் கழற்றிப் பாருங்கள்; அப்போதும் விசிறி முழு வேகத்தில் ஓடினால் மாட்யூல்தான் பழுது என்பது ஏறக்குறைய உறுதி. மேலே சொன்ன பல்பு வைத்த டெஸ்ட் லேம்பை அந்த மெல்லிய ஒயரில் தொடக் கூடாது. கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தப் பாரத்தைத் தாங்காமல் போகலாம். மல்டிமீட்டர் மட்டுமே. மாட்யூலை மாற்றும் நாளில் மோட்டாரின் ஆம்பியரையும் அளந்துவிடுங்கள். ரெசிஸ்டருக்குச் சொன்ன நியாயம் இதற்கும் பொருந்தும்.

கேள்வி: ரெசிஸ்டர் வர இரண்டு வாரம் ஆகுமாம். அதுவரை 4-இல் மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கலாமா?

பதில்: ஓட்டலாம், ஒரு நிபந்தனையோடு. 4-இல் மின்சாரம் ரெசிஸ்டர் சுருள்களைத் தொடுவதில்லை. ஆனால் பல கார்களில் அதே கனெக்டரின் ஒரு முனை வழியாகத்தான் மோட்டாருக்குச் செல்கிறது. பத்து நிமிடம் ஓடவிட்டு, சாவியை அணைத்து, கனெக்டரை விரலால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் பரவாயில்லை. விரலை வைத்திருக்க முடியாத சூடோ கருகும் வாடையோ இருந்தால் ப்ளோயரின் ஃப்யூஸைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். அப்படிப் பிடுங்கியபின் பல கார்களில் ஏசியும் வேலை செய்யாது. ப்ளோயர் ஓடாவிட்டால் கம்ப்ரஸர் சேராதபடி இணைத்திருக்கிறார்கள். அந்த இரண்டு வாரத்தில் மழையில் கிளம்ப நேர்ந்தால், முன் கண்ணாடியில் உட்பக்கம் படியும் ஆவியைத் துடைக்க உலர்ந்த துணி ஒன்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு, இரு பக்கக் கண்ணாடிகளையும் இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு ஓட்டுங்கள்.